கண்டக்டர் இராக்கம்மா

இராக்கம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் என்னால் ஆகாது. உள்ளதை எழுதச் சொன்னால் எழுதுவேன். எனக்கு அவள்மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எங்காவது கூட்டியோ குறைத்தோ சொன்னால் நீங்களே பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் வடிவம்மா. தெமோதரையில் பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம் மேலே நடந்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு வரும். வரிசை வீடுகளாக மூன்று லயம், நாற்பத்தாறு வீடு, ஒரு கோயில், ஒரு பிள்ளைக்காம்பரா. கொழுந்துக்குப் போகிற தாய்மார் காலையில் கைப்பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போகிற அறைதான் பிள்ளைக்காம்பரா. பதினாறு வருடமாக நான் கீழ்ப்பிரிவின் மாதர் தலைவி. பெண்களுக்கு ஒரு குறை என்றால் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய்ப் பேசுகிறவள் நான். பத்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுப்பதும் நான்தான். 'வடிவம்மா வாயைத் திறந்தால் கணக்கப்பிள்ளை குடையை மடக்கிக்கொண்டு ஓடுவார்' என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்க எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இராக்கம்மாவுக்கு நாற்பத்து நாலு வயது, என்னைவிட நாலு வயது இளையவள். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து சுரேஸுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். நடு லயத்தில் ஆறாம் நம்பர் வீடு. வந்த புதிதில் அவளுக்கு வாய் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும் போல இருக்கும். கொழுந்து பறிக்கிற மலையில் அவளுக்கு என் பக்கத்து நிரை. பத்தொன்பது வருடமாக நான் பேசுவேன், அவள் கேட்பாள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. ஒன்று நாலாம் மாதத்தில் போனது, அடுத்தது ஐந்தாம் மாதத்தில். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மாமியார்க்காரி சும்மா இருப்பாளா? "இவ காலடி வச்ச வருசந்தான் எங்க பசு செத்துச்சு" என்றாள். பண்டாரவளையில் ஒரு சோதிடர், இராக்கம்மாவின் அம்மாவுக்கும் ஒரே பிள்ளை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பரம்பரைத் தோஷம் என்று எழுதிக் கொடுத்தார். சுரேஸ் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவன் அங்கேயே ஒரு குடும்பத்தை ஆக்கிக்கொண்டான். போகும்போது, "ஊரே சொல்லுது, நான் மட்டும் என்ன செய்ய?" என்றானாம். அவன் விட்டுப்போன தாயை இராக்கம்மாதான் கடைசிவரை வைத்துப் பார்த்தாள். பீ மூத்திரம் எடுத்தாள். அந்தக் கிழவி சாகிற வாரம்வரை பசுவின் கதையை விடவில்லை.

நானும் யோக்கியமில்லை. என் தங்கை மகளுக்கு வளைகாப்பு நடந்தபோது இராக்கம்மாவும் வளையல் போட வரிசையில் நின்றாள். நான் அவள் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய், "நீ அடுப்புப் பக்கம் பாரு புள்ள" என்றேன். அவள் போய்ச் சோறு வடித்தாள். அந்த நேரத்தில் அது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை.

இப்போது அந்தக் கேம் கதைக்கு வருகிறேன்.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஸப்வான் நானாவின் துணி வேன் லயத்துக்கு வரும். பதுளைக்காரர். சேலை, சோட்டி, பிள்ளைகளின் உடுப்பு எல்லாம் கொண்டுவருவார். போன வருடம் ஒரு ஞாயிறு, நாங்கள் துணியைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது அவர் தன் போனை எடுத்துக் காட்டினார்.

"ஏன்ட மகள் ஷிப்னா யுனிவர்சிட்டி படிப்புக்கு ஒரு கேம் செஞ்சிரிக்கா. பேச்சுல இருக்கிற ஓட்டையக் கண்டுபிடிக்கிற கேம். எல்லா வகையான ஆக்களும் வெளையாடிப் பாக்கணுமாம். தோட்டத்துல நீங்களும் வெளையாடினா மகளுக்கு உதவியா இரிக்கும்" என்றார்.

பேச்சில் ஓட்டை என்றதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான்தான் முதலில் என் போனில் ஏற்றிக்கொண்டேன். இராக்கம்மா கடைசியில், கண்ணாடி விரிசல் விட்ட தன் போனைத் தயங்கித் தயங்கி நீட்டினாள். "ஒனக்கு எதுக்குடி இது?" என்று நான் கேட்டது நினைவிருக்கிறது.

கேமின் பெயர் 'செல்லாது'. போனுக்குள் ஒரு பஸ் பதுளையிலிருந்து கிளம்பிப் பண்டாரவளைக்கு மலையேறும். நாம்தான் கண்டக்டர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓர் ஆள் ஏறி ஒரு நியாயம் பேசுவார். நியாயம் சரியாக இருந்தால் டிக்கெட் கொடுக்க வேண்டும். ஓட்டை இருந்தால் மணி அடித்து இறக்கிவிட வேண்டும். மணி அடித்ததும் "செல்லாது, எறங்குங்க!" என்று ஒரு பெண்குரல் சத்தம் போடும். அதோடு விடாது. என்ன ஓட்டை என்று நாலு பட்டன் வரும். 'பேச்சை விட்டு ஆளைப் பிடித்தல்' என்று ஒன்று. ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தது என்பதாலேயே முன்னதுதான் காரணம் என்று சாதித்தால் 'காக்கை உட்காரப் பனம்பழம்'. 'ஊரே சொல்லுது' ஒன்று. சின்னதாக ஒன்றைக் கேட்டாலே உலகம் அழிந்துவிடும் என்பவருக்கு 'இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும்'. இப்படிப் பதினெட்டு. ஓட்டைப் பேச்சுக்காரர்களை ஏற்றிக்கொண்டே போனால் பஸ் வளைவில் மூச்சு வாங்கி நின்று பின்பக்கமாக உருண்டுவிடும்.

எனக்கு முதலில் ஏறினவர் குடை வைத்திருந்த ஒரு பெரிய மனிதர். "டாக்டர் என்னைய சிகரெட் குடிக்காதங்கிறாரு. அவரே குடிக்கிறாரு. அதனால சிகரெட்டு ஒண்ணும் கெடுதல் இல்ல" என்றார். நன்றாகத்தானே மடக்கியிருக்கிறார் என்று நான் டிக்கெட் கொடுத்தேன். பஸ் குலுங்கியது.

மூன்றாவதாக ஒரு அம்மா. "பக்கத்து வீட்டுப் பொண்ணு டவுனுக்கு வேலைக்குப் போயி எவனோடயோ ஓடிட்டா. ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். டவுனுக்குப் போற பொண்ணுங்க எல்லாமே அப்படித்தான்." பழமொழியோடு வந்தவளை யாராவது இறக்கிவிடுவார்களா? அவளுக்கும் டிக்கெட் கொடுத்தேன். பஸ் உருண்டு பதுளைக்கே வந்துவிட்டது. போனில் எழுத்து வந்தது: 'பானைச் சோறு எல்லாம் ஒரே நெருப்பில் வெந்தது. மனிதர்கள் அப்படி இல்லை.' எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் துரையோடு சண்டை போட்டு ஜெயித்த பேச்செல்லாம் இந்தச் சரக்குத்தான். இந்த வித்தைகள் எனக்குக் கைவந்தவை. அவற்றுக்குத் தப்பு என்று ஒரு பெயர் இருப்பதுதான் தெரியாது. ஒரு வாரம் முட்டிப் பார்த்தும் என் பஸ் ஹாலிஎலயைத் தாண்டவில்லை.

இராக்கம்மா நாலு நாளில் பண்டாரவளைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

முதலில் நான் நம்பவில்லை. எவளாவது பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிக் கொடுத்திருக்கும் என்றேன். பிறகு கொழுந்து நிறுக்கிற இடத்தில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் விளையாடிக் காட்டினாள். கொழுந்துச் சாயம் படிந்த விரலால் டக்கு டக்கென்று மணி அடித்தாள். பஸ்ஸில் ஏறின ஆள் பேசி முடிக்கும் முன்பே சிரிப்பாள். அவளுடைய பல்வரிசையையே நான் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன்.

இரண்டு வாரத்தில் ஷிப்னா, தகப்பனின் வேனில் ஏறி லயத்துக்கு வந்தாள். விளையாடின முந்நூற்றுச் சொச்சம் பேரில் கீழ்ப்பிரிவு இராக்கம்மாதான் முதலாம் ஆளாம். மாணவர்களை எல்லாம் முந்திவிட்டாளாம். அந்தப் பெண் வருகிறது என்று கேள்விப்பட்டதும், தலைவியைப் பார்க்காமல் போவாளா என்று நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைத்து, மேசைக்குப் புதுத் துணி விரித்து, பிஸ்கட்டும் வாங்கி வைத்திருந்தேன். அவள் என் வாசலைக் கடந்து, "ஆறாம் நம்பர் எது?" என்று என்னிடமே கேட்டாள். நான் கையைக் காட்டினேன். அந்தப் பிஸ்கட்டை அன்று சாயங்காலம் நானே தின்று தீர்த்தேன்.

ஷிப்னா போனபிறகு ஆறாம் நம்பருக்குப் போய்க் கேட்டேன்.

"எப்படிடி ஒனக்கு இதெல்லாம் வெளங்குது? எட்டாவதுகூட நீ ஒழுங்காப் படிக்கலையே."

இராக்கம்மா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "படிக்கலக்கா. இதெல்லாம் எங்கிட்ட ஏற்கனவே சொன்னதுதான். பசு செத்தது, ஊரே சொல்லுது, ஒங்கம்மாவுக்கும் அப்படித்தான். இருவது வருசமாக் கேட்டேன். எங்கயோ தப்பு இருக்குன்னு தெரியும், எங்கன்னு சொல்லத் தெரியாது. அந்தப் புள்ள பேரு வச்சுக் குடுத்திருச்சு, அவ்வளவுதான்" என்றாள்.

அந்தக் கணக்கில் நான் சொன்னதும் இருக்கிறதா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. வெளியே வந்து, அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று எதிர்வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன்.

அதிலிருந்து மலையில் வேறு பேச்சே இல்லை. வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை, "எங்கம்மா முப்பது கிலோ கொழுந்து எடுத்தாங்க, நீங்க ஏன் இருவது எடுக்க மாட்டீங்க?" என்றால் நிரை நிரையாக "செல்லாது, எறங்குங்க!" என்று குரல் வரும். மனிதர் மிரண்டுபோனார். எல்லோரும் சந்தேகம் கேட்க இராக்கம்மாவைச் சுற்றிக்கொண்டார்கள். 'கண்டக்டர்' என்று பட்டமும் கொடுத்தார்கள். பதினாறு வருடம் என் நிரையைச் சுற்றி நின்ற கூட்டம். கண் பட்டே அவள் போன் உடையக் கூடாதா என்று கூட நினைத்திருக்கிறேன். நினைத்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இப்படி இருக்கும்போதுதான் அறிவித்தல் வந்தது. கீழ்ப்பிரிவுப் பிள்ளைக்காம்பராவை மூடப்போகிறார்கள். பன்னிரண்டு பிள்ளைகள்தான் இருக்கின்றன, அவர்களை மேல்பிரிவுக் காம்பராவுக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்று உத்தரவு. மேல்பிரிவு இரண்டரைக் கிலோமீட்டர் ஏற்றம். காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், ஏழரை மணிக்கு நின்றால்தான் அன்றைக்குப் பேர் போடுவார்கள். பிந்தினால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி விட்டுவிட்டு, மறுபடி இறங்கிப் பெரட்டுக்கு வந்து சேர்கிற தாய் யார்? இந்தக் காம்பரா போனால் பதினொரு தாய்மாரின் வேலையும் போன மாதிரிதான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. இது விளையாட்டு இல்லை, நிஜம். இங்கே கண்டக்டர் செல்லுபடியாக மாட்டாள், வடிவம்மாதான் வேண்டும்.

அடுத்த நாள் பெரட்டுக்குச் சின்னத்துரை வந்தார். சின்ன வயதுப் பையன், நன்றாகத் தமிழ் பேசுவார். பெண்கள் எல்லோரையும் பின்னால் நிறுத்திக்கொண்டு நான் முன்னால் போனேன். குரலை உயர்த்தினேன்.

"பக்கத்துத் தோட்டத்துல இப்படித்தான் பிள்ளைக்காம்பராவ மூடினாங்க, தொர. மூடி பதினாலாம் நாளு ஒரு பச்சப்பிள்ள செத்துப்போச்சு. அந்தப் பாவம் ஒங்களுக்கு வேணுமா?"

சின்னத்துரையின் முகம் கறுத்தது. இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்று நான் மூச்சை இழுத்தபோது, என் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"செல்லாது."

இராக்கம்மா. வேண்டுமென்று சொல்லவில்லை, பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. அது எனக்கும் தெரியும். சொன்னதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சின்னத்துரை விடவில்லை. "ஏன் செல்லாது? நீங்க சொல்லுங்க" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "அந்தப் பிள்ளைக்குப் பொறந்ததுலருந்தே நெஞ்சுல ஓட்டைங்க. என் சொந்தக்காரப் பிள்ளைதான். காம்பராவ மூடினதுக்கும் அது செத்ததுக்கும் சம்பந்தம் இல்லைங்க" என்றாள்.

சின்னத்துரை சிரித்தார். காட்டிக்கொடுத்துவிட்டாளே பாவி, எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டே எங்களைக் கவிழ்த்துவிட்டாளே என்று பல்லைக் கடித்தேன். ஆனால் அவள் நிறுத்தவில்லை.

"மேல் டிவிசன் அம்மாமாருக்கு முடியுது, உங்களுக்கு மட்டும் ஏன் முடியாது?" என்று சின்னத்துரை கேட்டார்.

"அவங்க வீடும் மேல, காம்பராவும் மேல, பெரட்டும் மேலங்க. எங்களுக்குக் காம்பரா மட்டுந்தான் மேல போகுது. ரெண்டும் ஒண்ணு இல்லைங்க."

"இத விட்டா நாளைக்கு லயத்துக்கு ஒரு காம்பரா கேப்பீங்க."

"கேக்கலைங்களே. இருக்கிறத மூடாதீங்கன்னுதான் கேக்கிறோம். ஏறி எறங்க ஒரு மணி நேரம் ஆகுது. நீங்களே ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையத் தூக்கிட்டு நடந்து பாருங்க. ஏழரைக்கு வந்துட்டீங்கன்னா மூடிக்குங்க."

சின்னத்துரை சிரிப்பை நிறுத்திவிட்டுக் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்தார். கடைசியில், ஒரு மாதம் தள்ளி வைக்கிறேன், அதற்குள் பெரிய துரையிடம் வந்து பேசுங்கள் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். பெண்கள் இராக்கம்மாவைத் தூக்காத குறைதான். நான் கூடையை எடுத்துக்கொண்டு தனியாக மலைக்குப் போனேன்.

பெரிய துரையிடம் பேச யார் போவது என்று முடிவெடுக்க அந்த ஞாயிறு கோயிலில் கூடினோம். கோயிலில் ஒன்றாக உட்கார்ந்து சொன்ன சொல்லை யாரும் மாற்றுவதில்லை, அது எங்கள் வழக்கம். இரண்டு பிள்ளைக்காரி நிஷாந்தினி, இருபத்து மூன்று வயதுக்காரி, முதலில் எழுந்தாள். "கண்டக்டரக்காவே பேசட்டும். தலைவியக்கா கூட வரட்டும்" என்றாள்.

கூட வரட்டுமாம்! பதினாறு வருடம் தலைவியாக இருந்தவள் துணைக்குப் போக வேண்டுமாம். அவள் நன்றாகப் பேசுவாள் என்பது எனக்குத் தெரியும். அவள் போனால் காம்பரா தப்பிவிடும் என்பதும் தெரியும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். இது பிள்ளைக்காம்பரா விசயம். பெத்தவளுக்குத்தான் பிள்ளையோட அருமை தெரியும். ஒண்ணுகூடப் பெறாதவளுக்கு இதுல என்ன பேச்சு இருக்கு?"

சொல்லி முடித்ததுமே என்ன பட்டனை அமுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஹாலிஎலயைத் தாண்டாத எனக்கே தெரிந்தது. அங்கே உட்கார்ந்திருந்த எல்லோரும் அந்தக் கேமை விளையாடினவர்கள். யாராவது ஒருத்தி சொல்லுவாள், சொன்னால் என்ன செய்வது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருத்தியும் சொல்லவில்லை. யாரோ ஒரு கிழவி, "அதுவும் சரிதானே" என்றாள். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நிஷாந்தினி மெதுவாக உட்கார்ந்தாள்.

நான் இராக்கம்மாவைப் பார்த்தேன். முந்நூறு பேரை முந்தின கெட்டிக்காரி. வளைவுக்கு வளைவு மணியடித்து ஆளை இறக்கிவிட்டவள். அவள் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அக்காவே போகட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். எனக்குக் கிடைத்த வெற்றிகளிலேயே சுலபமானது அதுதான்.

துரையின் ஒபிசுக்கு நான் பதினொரு தாய்மாரையும் கூட்டிக்கொண்டு போனேன். மனு எழுதியிருந்தேன், அழகான கையெழுத்து. ஏற்றம், இறக்கம், ஒரு மணி நேரம் என்று இராக்கம்மா சொன்னதையெல்லாம் என்னுடையது போல எழுதியிருந்தேன். பெரிய துரை அதை வாங்கி மேசைமேல் வைத்தார். வாசிக்கவில்லை.

"வடிவம்மா, உங்க பிள்ளைங்க எங்க?" என்று கேட்டார்.

"பெரியவன் கொழும்புலங்க. சின்னவ பண்டாரவளையில துணிக்கடையில நிக்கிறா."

"காம்பராவுக்குப் போற பிள்ளை?"

"இல்லைங்க."

"கோயில்ல நீங்க பேசினது என் காதுக்கும் வந்தது. பிள்ளை இல்லாதவங்களுக்கு இந்த விசயத்துல பேச்சு இல்லன்னு சொன்னீங்களாம். நல்ல பேச்சு. அப்ப காம்பராவுக்குப் பிள்ளை அனுப்பாத நீங்க எதுக்கு இங்க நிக்கிறீங்க? அனுப்புறவங்க சொல்லட்டும்." அவர் என்னைத் தாண்டி நிஷாந்தினியைப் பார்த்தார். "நீ சொல்லு. மேல கொண்டுபோய் விட முடியாதா?"

நிஷாந்தினி துரையோடு வாழ்நாளில் பேசியதில்லை. வேலைக்குப் பதிந்து மூன்று மாதம்தான். இடுப்பில் இருந்த பிள்ளையை மாற்றி வைத்தாள். என் முதுகைப் பார்த்தாள். "தொர சொன்னா சரிங்க" என்றாள். மற்றவர்கள் அதுகூடச் சொல்லவில்லை.

பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. யார் பேசுகிறார்கள் என்பதா கேள்வி, பேச்சு சரியா என்பதல்லவா கேள்வி? அதைச் சொன்னால் போதும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், கோயிலில் நான் சொன்னது வெறும் குப்பை, இராக்கம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று அந்தப் பதினொரு பேருக்கும் முன்னால் நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். அரை நிமிடம் இருந்திருக்கும். அந்த அரை நிமிடத்தில் நான் பிள்ளைகளை நினைக்கவில்லை, அவளைத்தான் நினைத்தேன். அவள் முகத்தில் வரப்போகிற சிரிப்பை நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன். துரை மனுவை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

முதலாம் திகதி காம்பராவுக்குப் பூட்டுப் போட்டார்கள். பதினொரு தாய்மாரில் நாலு பேர் வேலையை விட்டார்கள். ஒருத்தி பிள்ளையைப் பசறையில் தன் அம்மாவிடம் கொண்டுபோய் விட்டாள். மிச்சப் பேர் ஐந்தே முக்காலுக்கு எழும்பி மலையேறுகிறார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னமும் தலைவி என்றுதான் கூப்பிடுகிறார்கள். மனு எழுதவும் வருகிறார்கள்.

நிஷாந்தினிக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டையும் சுமந்து ஏற முடியாது. பெரியவளை, மூன்று வயதுக்காரியை, இராக்கம்மா தூக்கிக்கொண்டு போகிறாள். யாரும் கேட்கவில்லை, முதல் நாளே போய் வாசலில் நின்றாளாம். இதனால் இரண்டு நாள் பெரட்டுக்குப் பிந்தி அவளுக்குப் பேர் போடவில்லை. அதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை, நான் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் பார்த்தேன். போனில் அந்தக் கேமை இப்போது விளையாடுகிறாளா என்று தெரியாது. மலையில் என் பக்கத்து நிரையில்தான் நிற்கிறாள். "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறாள். கோயிலில் நடந்ததைப் பற்றி ஒரு சொல் கேட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது கத்தித் தீர்த்திருப்பேன். அவள் கேட்கவில்லை.

போன புதன்கிழமை காலை நான் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். இராக்கம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது, நெற்றியெல்லாம் வேர்வை. நிஷாந்தினி சின்னதைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினேன்.

"குடு, பாலம் வரைக்கும் நான் தூக்கிட்டு வாறேன்" என்றேன்.

அவள் மறுக்கவில்லை. சிரித்தாள்கூட. "தலைவியம்மாகிட்ட போ சாமி, கொஞ்ச தூரந்தான்" என்று பிள்ளையின் கையை எடுத்து என்னிடம் விடப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை என்னைப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பி இராக்கம்மாவின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டது. இரண்டு தடவை கூப்பிட்டேன், வரவில்லை. "நேரமாச்சுக்கா, போறேன்" என்று அவள் ஏறினாள்.

இரண்டு பெற்று வளர்த்த எனக்கு வயிறு எரிந்தது.